உப்பளத்து ஸ்பீக்கரில் கேட்ட பேச்சு

1971-ஆம் வருடம், ஐப்பசி மாதக் கடைசி. மரக்காணத்தில் பஞ்சாயத்து ஆபீஸுக்கு எதிரே அப்போது ஒரு மைதானம் இருந்தது. இது நடந்தது அங்கேதான். எனக்கு இருபத்து மூன்று வயது.

இன்றைக்கு இந்தக் கரையோரம் எங்கே வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். பந்தல், லைட்டு, சவுண்டு என்றால் கிளியனூர் வரைக்கும் என்னைத்தான் கை காட்டுவார்கள். ஜெனரேட்டர் மட்டும் நான்கு வைத்திருக்கிறேன். படித்தது மூன்றாம் வகுப்பு. பி.இ. படித்தவர் ஒருவர் என்னிடம் சம்பளத்துக்கு இருக்கிறார். அவர் மீட்டர் வைத்துக் கண்டுபிடிக்கிற கோளாறை நான் ஸ்பீக்கரில் காதை வைத்தே சொல்லிவிடுவேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பன்னிரண்டு வயதிலிருந்து உப்பளத்தில் கூடை சுமந்தவன் நான். உள்ளங்கால் எல்லாம் வெடிப்பு. அந்தக் காலோடு திண்டிவனத்துக்குப் போய் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இரண்டு வருடம் கூட்டிப் பெருக்கி, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றேன். பிறகு பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, குழாய் ஸ்பீக்கர் மூன்று, ரெக்கார்டு பிளேயர் ஒன்று எல்லாம் வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தேன். அன்றைக்கு வண்டிக்குப் பின்னால் பாதி ஊர் நடந்து வந்தது. அதிலிருந்து என் சொந்தப் பெயர் போய் எல்லோருக்கும் 'மைக்கு' ஆகிவிட்டேன். ஸ்பீக்கர்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெள்ளிப் பாத்திரம் மாதிரி வைத்திருப்பேன். கடல் காற்று திரும்புகிற நேரம் பார்த்து ஒரு ரெக்கார்டைச் சுழல விட்டால், பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி கழுவெளி ஏரி வரைக்கும் பாட்டு போகும். அந்தச் சத்தத்தின் சுகம் இப்போது லட்ச ரூபாய் செட்டில்கூட வரவில்லை.

அந்த வருடம் எங்கே பார்த்தாலும் போர்ப் பேச்சு. கிழக்கே வங்காளத்தில் ஜனங்களைக் கொல்கிறார்கள், லட்சக்கணக்கில் நம் எல்லைக்குள் ஓடி வருகிறார்கள் என்று டீக்கடை ரேடியோ தினமும் சொல்லும். போர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் டீக்கடையில் ஆரம்பித்துவிட்டது. யார் முதலில் குண்டு போட வேண்டும், எங்கே போட வேண்டும் என்று நாங்களே முடிவு செய்துவிடுவோம். நானும் பலமாகப் பேசினவன்தான்.

எங்கள் ஊரில் பாதி உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி ஒருவர், போரை ஆதரித்து ஒரு பெரிய கூட்டம் போட்டார். சாயங்காலம் நான்கு மணிக்கு ஏற்பாடு. ஆனால் வடகிழக்கு மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டலாம் என்கிற நேரம் அது. உப்பளத்தில் மலை மாதிரி குவித்த உப்பை ஓலை போட்டு மூடுகிற வேலையில் இருபது முப்பது பெண்கள் இருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"டேய் மைக்கு, கூட்டத்துக்கு அவளுங்கள கூப்ட்டா வேலை நின்னுபூடும். கூப்டாம வுட்டா, தேசத்துக்காகக் கூட்டம் போட்டது அவளுங்களுக்குத் தெரியாமப் பூடும். ஒரு ஸ்பீக்கர கொண்டும்போயி அளத்துலயே கட்டிடு. ஓலை மூடிக்கினே கேக்கட்டும்."

அரை மைல் தூரம். மூங்கில் நட்டு, கால்வாய்க்குக் குறுக்கே ஒயர் இழுத்து, அளத்து ஓரம் இருந்த பனைமரத்தில் மூன்றாவது ஸ்பீக்கரைக் கட்டினேன். இந்தப் பக்கத்தில் அந்த மாதிரி அரை மைலுக்கு லைன் இழுத்த முதல் ஆள் நான்தான். அதுவரை என் ஸ்விட்ச் பலகையில் ஒரே ஒரு ஸ்விட்ச்தான் இருந்தது. அன்று காலையில் அளத்து லைனுக்கு என்று பக்கத்திலேயே இரண்டாவதாக ஒன்று வைத்தேன்.

கூட்டத்தில் பேச முதலாளி ஒரு விசேஷமான ஆளைப் பிடித்து வைத்திருந்தார். மாதா கோயிலுக்குப் பின்னால் குடியிருந்த சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைச் சொல்தா என்பார்கள். இவர் புதுச்சேரிப் பக்கம் பிறந்தவர். வியட்நாம் பக்கம் நடந்த இந்தோசீனா சண்டைக்குப் போய்வந்து, எங்கள் ஊரில் பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்டார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதிகம் பேச மாட்டார். சண்டை பார்த்தவர் பேசினால் சூடு பறக்கும் என்று முதலாளிக்குக் கணக்கு. மெடல் எல்லாம் குத்திக்கொண்டு வரவேண்டும் என்று இரண்டு முறை ஆள் அனுப்பினார்.

அவரும் மெடலோடு வந்தார். நான்கு பேர் கர்ஜித்து முடித்த பிறகு மைக்கைப் பிடித்தார்.

"எனக்குப் பேசத் தெரியாது. ஓடி வர்ற ஜனங்களுக்குச் சோறு போடணும், துணிமணி குடுக்கணும். அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா சண்டை வேணும், சண்டை வேணும்னு இங்க நின்னுக்கினு கத்தறோமே, அது வேணாம். இந்த மைதானத்துல சண்டைக்குப் போயி வந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால சொல்றேன். எதிரி எதிரின்றீங்களே, அவனும்..."

"டேய் மைக்கு! அணைடா!" என்று முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. படார் என்று ஸ்விட்ச்சைத் தட்டினேன். மைதானத்து ஸ்பீக்கர் இரண்டும் செத்துப்போயின. 'பார்த்தீர்களா, எப்படி என் கை வேகம்' என்கிற மாதிரி முதலாளியைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தேன்.

கூட்டம் கொதித்துவிட்டது. "அவனும் இன்னா? நல்லவனா? கூட்டிக்கினு வந்து உன் வூட்ல வெச்சுக்கோ!" என்று ஒருவர் கத்த, விசில், கூச்சல், மண்ணை வாரி இறைத்தார்கள். சொல்தா மைக்கை விட்டு நகரவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அந்தக் கூச்சலில் ஒரு எழுத்தும் காதில் விழவில்லை. இரண்டு மூன்று நிமிடம் கழித்து நான்கு பேர் மேடையில் ஏறிக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். நான் மறுபடி ஸ்விட்ச்சைப் போட, முதலாளி பேசி முடித்தார்.

மறுநாள் காலையில் 'அவனும்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு ஊரே சேர்ந்து வால் வைத்துவிட்டது. அவனும் நல்லவன் என்றாராம். மத்தியானத்துக்குள் அது எதிரி ஜெயிக்கட்டும் என்று சொன்னதாக ஆனது. சாயங்காலத்துக்குள் ஆளே உளவாளி ஆகிவிட்டார். வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் வருகிறதே, ஏன்? ரேடியோவில் புரியாத பாஷை கேட்கிறாரே, ஏன்? மளிகைக் கடையில் அவர் மனைவிக்கு மண்ணெண்ணெய் இல்லை என்றார்கள். வீட்டுக் கதவில் சாணி அடித்திருந்தது. அந்தக் கடிதங்கள் பென்ஷன் கடிதங்கள் என்பது எங்கள் எல்லோருக்குமே தெரியும். ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, முதலாளி எழுதிக்கொடுத்த மனுவின் பேரில், சப்-இன்ஸ்பெக்டர் பஞ்சாயத்து ஆபீஸுக்கு விசாரிக்க வந்தார். மேஜை மேல் சொல்தா வீட்டிலிருந்து எடுத்து வந்த கடிதக் கட்டு. அவரை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அவர் மனைவி வாசலில் கையில் ஜெபமாலையோடு. எதிரிக்கு ஆதரவாகப் பேசினார் என்று எழுதிவிட்டால் அன்றைக்கே ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள், அந்த நாளில் உள்ளே போனால் எப்போது வெளியே வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

எஸ்.ஐ. முதலில் அவரைத்தான் கேட்டார். "சண்டை வேணாம்னு சொன்னேன் சார். அதுக்கு மேல நான் சொன்னத இவங்க யாரும் கேக்கல" என்றார்.

"கேக்காதது நல்லதாப் போச்சு. இப்ப வேற மாதிரி மாத்திச் சொல்லுவான் சார், நம்பாதீங்க" என்றார் முதலாளி.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். "நீதானய்யா மைக்கு? பக்கத்துல நின்னவன் நீதான். இன்னா சொன்னாரு?"

"தெரியாது சார். நான் அணைச்சிட்டேன்."

"அணைச்சா காது அடைச்சிக்குமா?"

"ஒரே சத்தம் சார். சத்தியமாத் தெரியாது."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் சொல்தா என்னை ஒரு பார்வை பார்த்தபோது தரையைப் பார்த்துக்கொண்டேன். எஸ்.ஐ. பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் வெளியே சத்தம். அளத்துப் பெண்கள் இருபது பேருக்கு மேல் வாசலில் வந்து நின்றார்கள். ஓலை மூடுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். முழங்கால் வரை சேறு. முன்னால் நின்ற அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். நான் கூடை சுமந்த காலத்தில் எங்கள் வரிசைக்குப் பாட்டு எடுத்துக் கொடுத்தவர்.

"சார், அவரு எதிரி ஜெயிக்கணும்னு சொல்லல. நாங்க கேட்டோம்" என்றார் அக்கா.

"நீங்க எங்கம்மா கேட்டீங்க? அதான் மைக்க அணைச்சாச்சே?"

"யாரு அணைச்சா? எங்க பனமரத்துல பேசிக்கினேதான இருந்துது. ஏண்டா மைக்கு, நீ இங்க அணைச்சியா? நல்லா அணைச்ச போ!"

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பழகின கை பழைய ஸ்விட்ச்சை மட்டும் தட்டியிருக்கிறது. அன்று காலை புதிதாக வைத்தேனே, அளத்து லைன் ஸ்விட்ச், அதன் ஞாபகமே எனக்கு வரவில்லை. மைதானத்தில் யாருக்கும் கேட்காத பேச்சு, அரை மைல் தள்ளி, பெண்கள் ஓலை மூடிக்கொண்டிருந்த அளத்தில் கணீர் என்று கேட்டிருக்கிறது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் தொழில் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"சரி, இன்னா சொன்னாரு, ஒருத்தரா சொல்லுங்க" என்றார் எஸ்.ஐ.

"ஒருத்தரா எங்களுக்கு வராது சார்" என்றார் அக்கா.

அளத்தில் புதுப் பாத்தி போடும்போது தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவோம். வரிசையாக நின்று, ஒருவர் ஓர் அடி சொல்ல, மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு மிதிக்க வேண்டும். நாள் முழுக்க அப்படியே போகும். ஒரு முறை காதில் விழுந்தால் போதும், அவர்கள் மறக்க மாட்டார்கள். அன்றும் அப்படித்தான். ராகம் இல்லை. அக்கா ஒரு வரி சொன்னார், இருபது பேரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

"அவனும் காலு வெடிச்சவன்தான்."

"அவனும் காலு வெடிச்சவன்தான்."

"நான் சண்டைக்குப் போன ஊரும் கடலோரம்தான். அங்கயும் உப்பளம் இருந்துது."

"வரப்பு மேல நடந்தா சுட்டுடுவான்னு, பாத்திக்குள்ள எறங்கி நடக்கச் சொன்னாங்க. அறுவது பேரு. எல்லாருக்கும் பூட்ஸ் காலு."

இந்த இடத்தில் திருப்பிச் சொன்ன குரல்கள் கொஞ்சம் தழைந்தன. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பாத்திக்குள் செருப்புக் கால் வைக்கவே கூடாது. முதலாளியே ஆனாலும் வரப்பில் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார். மாதக்கணக்கில் மிதித்த தரை அது. ஒரு குதிகால் அழுந்தினால் போதும், தண்ணீர் கீழே இறங்கி, உப்பு சேறும் கறுப்புமாக வரும். அந்த வருடம் அந்தப் பாத்தி அவ்வளவுதான்.

"ஒரு பொம்பள உப்பு வார்ற பலகையோட நின்னுக்கினு இருந்தா. எங்கள திட்டல. அழல. எங்க காலையே பாத்துக்கினு இருந்தா."

"அவளுக்கு நான் எதிரி. எனக்கு அவ எதிரி. எங்க ரெண்டு பேருக்கும் அது அன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

"இங்கருந்து போற புள்ளைங்களும் எவளோ ஒருத்தி பாத்தியிலதான் நடக்கணும். போன்னு சொல்றதுக்கு முன்னாடி அத யோசிங்க."

"சோறு போடுங்க, துணி குடுங்க. நானும் தரேன். சண்டையக் கேட்டு வாங்காதீங்க."

அவ்வளவுதான். முடித்துவிட்டு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பேச்சை நானும் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். சொல்தா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

முதலாளி விடவில்லை. "இது மட்டும் இன்னா சார், தேசத்துக்கு எதிராத்தான..." என்று ஆரம்பித்தார்.

எஸ்.ஐ. பேனாவை மூடினார். "மொதலாளி, நான் இந்தப் பூட்ஸோட உங்க பாத்தியில எறங்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கட்டுமா?"

எஸ்.ஐ. கடிதக் கட்டை எடுத்துச் சொல்தாவிடம் நீட்டி, "பெரியவரே, நாள் சரியில்ல. கொஞ்ச நாளைக்கு மேடை ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். பெண்கள் மழை வருவதற்குள் மூட வேண்டும் என்று அளத்துக்கு ஓடினார்கள்.

சில வாரத்தில் போர் வந்தது. நாம் ஜெயித்தோம். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு நாடு கிடைத்தது. சொல்தா சொன்னது சரியா, மற்றவர்கள் சொன்னது சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு பத்தாது. ஜெயித்த செய்தி வந்த அன்று, அதே மைதானத்தில் நாள் முழுக்க ரெக்கார்டு போட்டது நான்தான். பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்தில் ஒரு வீட்டுக்கு, பட்டாளத்துக்குப் போன பிள்ளை செத்துப்போனதாகத் தந்தி வந்திருக்கிறது என்று நடுவில் யாரோ சொன்னார்கள். மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் அங்கே போகவில்லை. சொல்தா மட்டும் அத்தனை தூரம் நடந்தே போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தார்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். பஞ்சாயத்து ஆபீஸில் முதலாளி காலில் விழாத குறையாக, "தெரியாம வுட்டுட்டேன் மொதலாளி, கைத்தவறு" என்று கெஞ்சியவன் நான். ஆனால் தை பிறந்தது, ஊரில் காற்று மாறியது. உப்பு வாருகிற காலம் தொடங்க, பெண்கள் அந்தப் பேச்சை அளத்தில் சொல்லிச் சொல்லி, சொல்தாவுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. நான் உடனே கதையை மாற்றினேன். "நானா மறப்பேன்? வேணும்னுதான் அளத்து லைன வுட்டேன். ஒரு மனுசன் பேசறத நடுவுல நிறுத்தறது பாவம் இல்லையா?" என்று டீக்கடையில் அளந்துவிட்டேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஒரு நாள் அப்படி அளந்துகொண்டிருந்தபோது சொல்தாவே வந்துவிட்டார். "அண்ணே, இவன்தான் உங்கள காப்பாத்தினவன்" என்று ஒருவர் என்னைக் காட்டினார். அவர் இரண்டு டீ சொல்லி, ஒன்றை என் கையில் கொடுத்து, கால்வாய்க் கரைப் பக்கம் கூட்டிப் போனார்.

"ஏம்பா, நீ அணைக்கும்போது நான் உன் மூஞ்சத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

நான் குனிந்து டீயை ஊதினேன்.

"சிரிச்ச" என்றார்.

கோபம் இல்லை அவர் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "பாத்தியில என்னை நடன்னாங்க, நடந்தேன். உன்ன அணைன்னாங்க. அவ்ளோதான். டீயக் குடி, ஆறுது" என்றார்.

அதற்குப் பிறகு பல வருடம் அவர் உயிரோடு இருந்தார். மாதா கோயில் திருவிழாவில் என்னைப் பார்த்தால் கை தூக்குவார். ஒரு தடவைகூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. வேண்டுமென்றே விட்டேன் என்கிற கதையை என் கல்யாணத்தில் சொன்னேன், என் பிள்ளைகளுக்குச் சொன்னேன், ஒரு சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது மேடையிலேயே சொன்னேன். கை தட்டினார்கள். இன்றுதான் முதல் முறையாக உண்மையை எழுதுகிறேன். வீட்டில் இதைப் படித்துவிட்டு என்ன சொல்வார்களோ தெரியாது.

என் உழைப்பில் வந்தது எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது என் இஷ்டம். ஆனால் இன்றைக்கும் ஏதாவது கூட்டத்தில் நேரம் ஆகிவிட்டது என்றோ, பேச்சு பிடிக்கவில்லை என்றோ ஒருவருடைய மைக்கை யாராவது அணைக்கச் சொல்லி, என் ஆட்களும் அணைத்துவிட்டால், கூட்டம் கலைந்த பிறகு அவரைத் தேடிப்போய் "மீதி இன்னா சொல்ல வந்தீங்க?" என்று கேட்டுவிடுவேன், பாதிப் பேர் மீதி ஒன்றும் இல்லை என்று சிரிப்பார்கள், சிலர் அரை மணி நேரம் பிடித்துக்கொள்வார்கள், எதுவானாலும் நின்று முழுக்கக் கேட்டுவிட்டு வந்தால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குகிறது.